ஒரே நாள் வேலை

இடுப்புக்கு மேல் துணியில்லாமல் நின்றுகொண்டு ஒரு டாக்டரோடு வாதாடுவது லேசுப்பட்ட காரியமில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்பதே முதல் சிக்கல். இடுப்பில் வைத்தால் சண்டைக்கு நிற்பதுபோல் இருக்கும். மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டால் டாக்டரால் அளக்க முடியாது. சோபாக் கடைக்காரரின் மனைவி இரண்டையும் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் கைகளைத் தொங்கவிட்டபடியே வாதாடினாள்.

"நான் கவர் தைக்கிறவ டாக்டர். பழைய பஞ்சை எடுக்கிறது, புதுசை வைக்கிறது, தொளதொளன்னு போன துணியைப் பிடிச்சுத் தைக்கிறது, எல்லாம் ஒரே நாள் வேலை. காலையில பிரிச்சா சாயங்காலம் டெலிவரி."

டாக்டர் சிரிக்கவில்லை. இந்த அம்மாளைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். ஆனால் பேச்சிலும் பார்வையிலும் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ். அளவு நாடாவின் ஒரு முனையைக் கழுத்தெலும்புப் பள்ளத்தில் வைத்து, மறுமுனையைக் காம்பு வரை இழுத்துப் பார்த்தார். வலது பக்கம், இடது பக்கம். பிறகு மார்புக்கு அடியில் இருக்கும் மடிப்பிலிருந்து மேலே. அதற்கப்புறம் வலது மார்பின் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, எவ்வளவு தடிமன் இருக்கிறது என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

"உங்க சோபாத் துணிக்கு உயிர் இல்லம்மா. எவ்வளவு வேணா இழுத்துத் தைக்கலாம். இதுக்குள்ள ரத்தம் போயிட்டே இருக்கணும். போகலைன்னா கறுத்துடும்."

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்னால், தன் சம்பளத்தை மிச்சம் பிடித்து, இந்த அம்மாள் இரண்டு மார்பிலும் சிலிக்கான் பை வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு துணிக்கடையில் வேலை. கூட வேலை செய்த பெண்கள் அவளுக்குப் 'பலகை' என்று பட்டப்பெயர் வைத்து, அதைச் சொல்லி முகத்துக்கு நேரேயே கூப்பிட்டும் வந்தார்கள். விளையாட்டாகத்தான் கூப்பிட்டார்கள். விளையாட்டாகச் சொல்வதுதான் பல நேரம் எலும்பு வரை போகும்.

வெளியிலிருந்து வந்த எந்தப் பொருளையும் உடம்பு சும்மா விடாது. அதைச் சுற்றித் தானே ஓர் உறை கட்டிக்கொள்ளும். நிறையப் பேருக்கு அது மெல்லிசாக, இருக்கிற இடம் தெரியாமல் இருந்துவிடும். இவளுக்கு இடது பக்கம் அப்படித்தான். வலது பக்கம் மட்டும் போன ஒன்றிரண்டு வருஷத்தில் உறை தடித்து, சுருங்கி, பையைப் பந்துபோல இறுக்கி மேலே தள்ளிவிட்டது. பை மேலே நின்றுவிட, சதை கீழே வழிந்தது. இடது பக்கம் பையும் சதையும் சேர்ந்தே இறங்கிவிட்டன. தன் உடுப்புகளைத் தானே தைத்துக்கொள்கிறவள் என்பதால் உள்ளுக்குள் ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் பட்டை வைத்துத் தைத்து ஊர் கண்ணை ஏமாற்றிவிட்டாள். ஊரை ஏமாற்றுவது சுலபம்.

"ஸ்கேன்ல கட்டி கிட்டி ஒண்ணும் இல்ல, அதுல பயமே வேண்டாம்" என்றார் டாக்டர். "ஆனா வலது பக்கம் அந்த உறையை உரிச்சு எடுக்கணும். காம்புக்குப் போற ரத்தத்துல பெரும்பங்கு அடியிலேர்ந்து வருது. உரிக்கிறப்ப அதுல கொஞ்சம் போயிடும். முன்னாடி பண்ணவங்க காம்போட ஓரத்துல அரை வட்டமா வெட்டித்தான் உள்ள போயிருக்காங்க, அந்த வழியும் ஏற்கெனவே அரைகுறை. இப்ப தூக்கித் தைக்கணும்னா காம்பைச் சுத்தி முழுசா வெட்டி, கீழேயும் நேரா ஒரு வெட்டு போடணும். அதோட புதுப் பையும் வெச்சா, அது உள்ளேர்ந்து தள்ளும், தையல் வெளியேர்ந்து இறுக்கும். நடுவுல மாட்டிக்கிட்ட தோல் என்ன பண்ணும், நீங்களே சொல்லுங்க."

இறுக்கித் தைத்த துணி கிழிவதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

"அதனால ரெண்டு தடவையா பண்ணலாம். முதல்ல பழசை எடுத்து மூடிடுவோம். சில மாசம் ஆறட்டும். அப்புறம் தூக்கித் தைச்சு, வேணும்னா சின்னதா ஒரு பை வைப்போம்."

"நடுவுல?"

"நடுவுல காலியா இருக்கும். தொங்கும். பார்க்க நல்லா இருக்காது, உண்மையைச் சொல்லிடறேன்."

"அது ஆகாது டாக்டர்."

டாக்டர் நாடாவைச் சுருட்டினார். கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, இப்படி வெச்சுக்கலாம். உள்ள போய்ப் பார்க்கிறேன். ரத்த ஓட்டம் நல்லா இருந்தா ஒரே தடவையில முடிச்சுடறேன். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் பையை எடுத்துட்டு மூடிடுவேன். அதுக்கு நீங்க முன்கூட்டியே சம்மதிக்கணும்."

"பாதியில மூடறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்."

"அப்ப நான் கத்தியை எடுக்க மாட்டேன்" என்றார் டாக்டர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "யோசிச்சுச் சொல்லுங்க. யாருக்காவது தெரியக்கூடாதுன்னு பயப்படறீங்களா?"

அவள் உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, பட்டன்களைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

தெரியக்கூடாதது அவள் புருஷனுக்கு.

ஆமாம், அவருக்குத் தெரியாது. கூடவே படுத்து எழுந்து, ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்து, அவளை வெளியூர்க் கல்லூரியில் சேர்த்தும்விட்ட மனுஷனுக்கு இது எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். கேட்பவர்கள் முதலில் அவரவர் வீட்டில் அவரவர் புருஷனுக்கு என்னென்ன தெரியாது என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு வரட்டும். பைகள் சதைக்கு அடியில், ஆழத்தில் இருந்தன. காம்போரத் தழும்பைப் பற்றி அவர் கேட்டபோது, சின்ன வயதில் கொப்புளம் வந்து கீறினார்கள் என்று சொன்னாள். அவர் நம்பினார். அவள் அவரிடம் சொன்ன ஒரே நேரடிப் பொய் அது. மற்றதெல்லாம் வாயைத் திறக்காமல் இருந்தது மட்டும்தான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். கல்யாணமான புதிதில் ஒருநாள் வார்த்தை நுனி நாக்கு வரை வந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து அவர், காதல் பொங்கி, ஒன்று சொன்னார். அவருக்குச் சோபா வேலையில் கைதான் முதல். எந்த மெத்தையையும் நாலு விரலால் அழுத்திப் பார்த்து, மேலே நல்ல ஃபோம், உள்ளே துண்டு துணுக்கை ஒட்டிய மட்டச் சரக்கு என்று பிரித்துச் சொல்லிவிடுவார். விற்றவன் சத்தியம் செய்தாலும் எடுபடாது. அந்தக் கையை அவள் மேல் வைத்துக்கொண்டு, "என் கைகிட்ட யாரும் பொய் சொல்ல முடியாது. உன் உடம்புல ஒரு பொய்கூட இல்ல" என்றார். இதைக் கேட்ட பிறகு எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? நுனி நாக்கு வரை வந்ததை விழுங்கினாள். விழுங்கியது வயிற்றிலேயே தங்கிவிட்டது.

இப்போது அவரிடம், "தொங்கிப் போச்சு, தூக்கித் தைச்சுக்கப் போறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஏன், எதற்கு, இந்த வயதில் இது தேவையா என்று அவர் குதிப்பார், அதற்கெல்லாம் என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அவர் குதிக்கவே இல்லை. "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஸ்பிரிங் கட்டப் போய்விட்டார். ஒத்திகை வீணாகிப் போனதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

ஒரே ஆபரேஷனில் எல்லாம் முடிந்தால், நிறைவோடு போனவள் நிறைவோடு வந்துவிடுவாள். ரகசியம் இருந்த இடத்திலேயே இருக்கும். காலியாக வீட்டுக்குத் திரும்பினால்? தூக்கித் தைக்கப் போனவள் காற்றுப் போன பலூனாக வந்து நின்றால், அதற்கு எந்தக் கொப்புளத்தைக் காரணம் சொல்வது?

ஆகவே அவள் வேறொரு இடத்துக்குப் போனாள். பளபளவென்று தரை, வாசனையான காற்று, சுழல் நாற்காலியில் சிரித்த முகமாக ஓர் இளம் டாக்டர். அவள் போனில் எடுத்துக்கொண்டு போயிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தாராளமா பண்ணலாம் மேடம். எடுக்கிறது, வைக்கிறது, தூக்கறது எல்லாம் ஒரே சிட்டிங்தான். சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்."

"ரத்த ஓட்டம் அது இதுன்னாங்களே?"

"சிலர் தேவையில்லாம பயமுறுத்துவாங்க."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தேதியும் குறித்துக்கொண்டாள். மாடிப்படியில் பாதி இறங்கும்போதுதான் ஏதோ உறுத்தியது. அவர் அவளை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. தொட்டுப் பார்க்கவில்லை. தோலைக் கிள்ளிப் பார்க்கவில்லை. முன்னால் யார் செய்தது, எங்கே வெட்டினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவரைக் கழற்றிப் பார்க்காமல் போனிலேயே வேலைக்கு ஒத்துக்கொள்கிற ஆட்கள் அவள் தொழிலிலும் உண்டு. அந்த மாதிரி ஆளிடம் அவள் ஒரு ஸ்டூலைக்கூடக் கொடுக்கமாட்டாள்.

படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு பக்கம் உடம்பு, ஒரு பக்கம் ரகசியம். இத்தனை வருஷமாக ரகசியத்தைக் காப்பாற்றியே பழகிவிட்டதால், உடம்பும் தன்னுடையதுதான் என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. தன் மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

கடைக்கு வந்தபோது மத்தியானம். வெயிலுக்காக ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவர் ஒரு பழைய நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடித்துணியில் அடித்திருந்த பின்களைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வெட்டும் மேசையில் பாதி வெட்டிய பச்சைத் துணி கிடந்தது.

"அதைக் கொஞ்சம் கீழ வெச்சுட்டு இங்க வாங்க."

"இந்த ஒரு வரிசை..."

"வாங்கன்னா."

அவர் வந்து, கவர் போடாத வெறும் சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அந்த ஆபரேஷன்... அது வெறும் தூக்கித் தைக்கிறது மட்டும் இல்லைங்க."

"தெரியும்" என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன தெரியும்?"

"வலது பக்கம். எனக்குத் தெரியும்மா." அவர் அவளைப் பார்க்கவில்லை, கையிலிருந்த குறடைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். "போன வருஷத்துலேர்ந்தே தெரியும். டாக்டர் என்ன சொன்னாங்க? மறைக்காம சொல்லு. பரவிடுச்சா?"

"பரவறதா? எதுங்க பரவறது?"

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் கை கல்லைத் தொட்டிருக்கிறது. கல் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஐயோ, இல்லைங்க. கேன்சர் இல்ல. கட்டியே இல்ல. ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தாச்சு, ஒண்ணுமே இல்ல."

"அப்ப அது என்ன? கையில தட்டுதே. நான் பொய்யா சொல்றேன்?"

"அது பை. சிலிக்கான் பை. பெருசா தெரியறதுக்காக நான் வெச்சுக்கிட்டது. கல்யாணத்துக்கு முன்னாடியே. இப்ப அதைச் சுத்தி உள்ள இறுகிப் போச்சு, அதான் கல்லு மாதிரி இருக்கு."

அவர் குறடை மூடினார். தெருவில் யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்யப் பார்த்தார்கள். அது கிளம்பாமல் இருமிக்கொண்டே இருந்தது.

"ரெண்டு பக்கமுமா?" என்றார் கடைசியில்.

"ரெண்டு பக்கமும்."

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்து அவளும் அசட்டுச் சிரிப்பு ஒன்றை ஆரம்பித்தாள். பிறகுதான் தெரிந்தது, அழுகிறார். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. பெண்ணைக் கல்லூரியில் விட்டுவிட்டு வந்த அன்றுகூடத் தூசி விழுந்தது என்று சமாளித்துவிட்டார். இப்போது சமாளிக்கவில்லை.

"ஒரு வருஷம்" என்றார். "ஒரு வருஷமா நீ துணி வெட்டிக்கிட்டிருக்கிறப்ப பின்னாடி நின்னு பார்ப்பேன், இளைச்சிருக்கியான்னு. நீ இருமினா எனக்கு உயிர் போய் உயிர் வரும். தூக்கித் தைக்கப் போறேன்னியே, அன்னிக்கு முடிவே பண்ணிட்டேன். நான் பயப்படக்கூடாதுன்னு நீ என்னவோ கதை சொல்றேன்னு."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு."

அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அவர் தோளில் கை வைத்தாள். அவர் அந்தக் கையை எடுத்து அவள் மடியிலேயே வைத்துவிட்டார். பயம் போனதும் அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துவிட்டது. வரவேண்டியதுதான்.

"ஏன் சொல்லலை? அப்பவே சொல்லியிருந்தா நான் என்ன, தின்னுடப் போறேனா?"

"நீங்கதானே சொன்னீங்க, என் கைகிட்ட யாரும் பொய் சொல்ல முடியாது, உன் உடம்புல ஒரு பொய்கூட இல்லன்னு. அதுக்கப்புறம் நான் எந்த வாயால சொல்றது?"

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"நான் அப்படிச் சொன்னேனா?"

அவளுக்கு அடித்துப் போட்டாற்போல் ஆயிற்று. வாழ்நாளில் பாதியை எந்த வார்த்தைக்குப் பயந்து கழித்தாளோ, அதைச் சொன்னவருக்கு அது ஞாபகமே இல்லை. அன்றைக்கு ஏதோ ஆசையில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையிலேயே மறந்திருப்பார்.

"அப்ப இத்தனை வருஷமா நான் தொட்டது எதை?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"என்னைத்தாங்க. நடுவுல ஒண்ணு இருந்துச்சு."

அவர் எழுந்து போய் நாற்காலியில் மிச்சமிருந்த பின்களைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் துணியும் கிழிந்தது. அவள் டாக்டர் சொன்னதையெல்லாம், அந்த இளம் டாக்டரிடம் போய் ஏமாறப் பார்த்ததையும்கூட, அவர் முதுகைப் பார்த்தே சொல்லி முடித்தாள். "மூடறதா இருந்தா மூடட்டும்" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு சில நாள் வீட்டில் தட்டுகளும் தம்ளர்களும்தான் பேசிக்கொண்டன. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே தூங்கினார், ஆனால் தூங்கினார். ஒரு வருஷத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்குகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்தாள்.

ஆபரேஷன் நாள் காலையில் அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் டாக்டர் அவளை நிற்க வைத்துப் பேனாவால் கோடு போட்டார். கழுத்திலிருந்து நடுவில் நேராக ஒரு கோடு, பழைய மடிப்பில் ஒரு வளைவு, காம்பு வரவேண்டிய புது இடத்தில் ஒரு குறி. படுத்துவிட்டால் எல்லாம் அக்குள் பக்கம் சரிந்துவிடும், அதனால் இதை நின்றபடிதான் போட வேண்டும் என்றார்.

"மூச்சைப் பிடிக்காதீங்க. போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்காதீங்க. தோளைத் தளர்த்துங்க, வீட்டுல நிக்கிற மாதிரி நில்லுங்க."

அவள் தோளைத் தளர்த்தினாள். வலது தோள் கொஞ்சம் முன்னால் வந்தது. ஒளித்து ஒளித்து வந்த பழக்கம். டாக்டர் ஒரு கோட்டை அழித்து, கொஞ்சம் தள்ளிப் போட்டார்.

"ஒருவேளை எல்லாம் சரியா அமைஞ்சா, நடுவுல தையலைத் தற்காலிகமா பின் அடிச்சுட்டு, உங்களை மயக்கத்திலேயே உட்கார வெச்சு, ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு பார்ப்போம்."

"தூங்கறவளை எழுப்பி உட்கார வைப்பீங்களா?"

"எழுப்பாம உட்கார வைப்போம்." டாக்டர் பேனாவை மூடினார். "அமையலைன்னா?"

"மூடிடுங்க டாக்டர்" என்றாள். "வீட்டுல தெரியும்."

டாக்டர் அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

கண் விழித்தபோது வாய் பஞ்சாக இருந்தது. மார்பைச் சுற்றி இறுக்கமாகக் கட்டு. ஜன்னல் பக்கம் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் கையை எடுத்துக் கட்டின்மேல் வைக்கப் பார்த்தாள். கை பாதியிலேயே விழுந்துவிட்டது.

"என்ன ஆச்சு?"

அவர் பூசி மெழுகவில்லை. "எடுத்துட்டு மூடிட்டாங்க. ரெண்டு பக்கமும். வலது பக்கம் உறையை உரிச்சதும் காம்பு நிறம் மாறப் பார்த்துச்சாம். அதுக்குமேல இழுத்தா போயிடும்னு நிறுத்திட்டாங்க. இப்ப நல்லா இருக்குன்னாங்க. மத்ததெல்லாம் சில மாசம் கழிச்சு, நீ வேணும்னா."

சரியான முடிவுதான். அவளே கொடுத்த சம்மதம்தான். இருந்தும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கட்டுக்கு அடியில் ஒன்றுமில்லை என்பது வலியையும் மீறித் தெரிந்தது. பட்டப்பெயர் வைத்த அந்தப் பெண்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நிற்பதுபோல் இருந்தது. விசும்பினால் தையல் இழுத்தது. இழுத்த வலியில் இன்னும் அழுகை வந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று அவள் பழக்கதோஷத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவர் எழுந்து சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் வந்தார். அங்கே நாற்காலி போட இடமில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், தொப்பை இடிக்க, ஒருக்களித்து நின்றுகொண்டார்.

"அழு" என்றார். கோபம் இன்னும் குரலில் இருந்தது. "நான் ஒரு வருஷம் தனியா அழுதேன். உனக்காவது பக்கத்துல ஆள் இருக்கு."